கடைக் கணினியில் ‘சிட்’ வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் கோவில்பட்டியில் பத்தொன்பது வருடமாக டி.டி.பி. கடை வைத்திருப்பவள். கல்யாணப் பத்திரிகை, காதணி விழா, கண்ணீர் அஞ்சலி, பள்ளி வினாத்தாள், பில் புத்தகம் என்று கம்போஸ் செய்து கொடுப்பதுதான் பிழைப்பு. சில நாட்களுக்கு முன் தங்கள் வாசகர் கடிதப் பகுதியில் என்னைப் போன்ற ஒரு கடைக்காரர் எழுதியிருந்ததைப் படித்தேன். 2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்துவிட்டது, அவருடைய கணினி 11-ஐ ஏற்கவில்லை, தெரிந்த பையன் ஒருவர் வந்து விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் போட்டுக் கொடுத்தார், இரண்டே மாதத்தில் ஒரு நாள் அப்டேட் கொடுத்ததும் பிரிண்டரும் போச்சு, தமிழ் தட்டச்சும் போச்சு. “ஓசியில் கிடைப்பதெல்லாம் இப்படித்தான், இனி அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன்” என்று முடித்திருந்தார்.

அவர் பட்ட பாடு எனக்குத் தெரியும். கடை வாசலில் ஆள் காத்திருக்க, திரையில் எதுவும் திறக்காமல் கை பிசைந்து நின்றவள் நான். ஆனால் அவர் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு சொல் இருந்தது. “டெபியன் சிட் என்ற லினக்ஸ்” என்று எழுதியிருந்தார். அதைப் படித்ததுமே அவருக்கு என்ன நடந்தது என்று எனக்குப் புரிந்துவிட்டது. குற்றம் லினக்ஸ் மேல் இல்லை, அவர் மேலும் இல்லை. சிட்டைக் கொண்டுவந்து ஒரு கடைக் கணினியில் போட்டதும், போட்டது இன்னது என்று சொல்லாமல் விட்டதும்தான் குற்றம். இதைச் சொல்லத்தான் இத்தனை நீளமாக எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ள வேண்டும்.

டெபியன் என்பது 1993-ல் இயன் மர்டாக் தொடங்கியது. இன்று உலகம் முழுக்கத் தன்னார்வலர்கள் சேர்ந்து நடத்துகிறார்கள். உபுண்டு அதிலிருந்து கிளைத்தது. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் டெபியனை அடித்தளமாகக் கொண்டதுதான். அரசு கொடுத்த மடிக்கணினியில் விண்டோஸோடு அதுவும் சேர்ந்து வந்ததைப் பல வீடுகளில் பார்த்திருப்பார்கள். இந்த டெபியனில் ஸ்டேபிள், டெஸ்டிங், அன்ஸ்டேபிள் என்று மூன்று கிளைகள் உண்டு. புதிதாக வரும் எதுவும் முதலில் அன்ஸ்டேபிளில்தான் இறங்கும். சில நாட்கள் பெரிய பழுது எதுவும் தென்படாவிட்டால் டெஸ்டிங்குக்குப் போகும். ஏறக்குறைய இரண்டு வருடத்துக்கு ஒரு முறை டெஸ்டிங்கை உறைய வைத்து, தட்டிக் கொட்டிச் சரிபார்த்து, ஸ்டேபிள் என்று வெளியிடுவார்கள். 12-ஆம் பதிப்பு 2023 ஜூன் 10-லும், 13-ஆம் பதிப்பு 2025 ஆகஸ்ட் 9-லும் அப்படி வந்தவை. ஸ்டேபிளின் பெயர் பதிப்புக்குப் பதிப்பு மாறும். அன்ஸ்டேபிளின் பெயர் மட்டும் என்றைக்கும் ‘சிட்’தான். ஒரு கார்ட்டூன் படத்தில் பொம்மைகளைப் பிய்த்து உடைக்கும் பக்கத்து வீட்டுப் பையனின் பெயர் அது. வைத்தவர்கள் தெரிந்தேதான் வைத்திருக்கிறார்கள்.

அன்ஸ்டேபிள் என்றால் கணினி அடிக்கடி உறைந்து நிற்கும் என்று நினைத்துவிடக் கூடாது. என் கடையில் ஒன்றரை வருடம் அது தங்கமாக ஓடியது. அடியில் இருப்பது நாள்தோறும் மாறிக்கொண்டே இருக்கும் என்பதுதான் அந்தப் பெயருக்குப் பொருள். மாறும்போது நாம் கவனிக்க வேண்டும். கவனிக்கத் தெரியாதவர் கையில் அது இருக்கக் கூடாது.

எனக்குப் போட்டுக் கொடுத்தது என் அண்ணன் மகன். கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் முடித்தவன், இப்போது பெங்களூரில் வேலை. 2022 தீபாவளிக்கு ஊருக்கு வந்திருந்தான். அப்போதுதான் கடைக்குப் புதுக் கணினி அசெம்பிள் செய்து வாங்கியிருந்தேன். பழையதில் திருட்டு மென்பொருளைப் போட்டு வைத்து, வைரஸ் புகுந்து, ஆறு வருடத்துக் கோப்புகளை இழந்த வேதனை எனக்கு. “அத்தை, இனிமே அந்தத் தொந்தரவே வேண்டாம்” என்று டெபியன் 11 போட்டான். புது கிராஃபிக்ஸ் சிப்பை அது அறியவில்லை, திரை மங்கலாகவும் பெரிது பெரிதாகவும் தெரிந்தது. அரை மணி நேரம் யோசித்தான். அப்புறம் ஒரு கோப்பில் ஒரு சொல்லை மாற்றி, எல்லாவற்றையும் சிட்டுக்கு ஏற்றிவிட்டான். திரை பளிச்சென்று வந்தது. நான் அவனுக்கு உளுந்தவடை சுட்டுக் கொடுத்தேன்.

ஊருக்குக் கிளம்பும்போது ஒரு அட்டையில் இரண்டு வரி எழுதிக் கொடுத்தான். ஒன்று ஆப்ட் அப்டேட், அடுத்தது ஆப்ட் ஃபுல்-அப்கிரேட். டெபியனில் மென்பொருளை நிறுவ, நீக்க, புதுப்பிக்க இருக்கும் கருவிதான் ஆப்ட். “வாரத்துக்கு ஒரு தடவை இதை அடிச்சு, கடைசியில ஒய் கொடுத்துடுங்க அத்தை.” ஒய் (Y) என்றால் ஆம் என்று பொருள். நானும் சனிக்கிழமை ராத்திரி கடை அடைக்கும் முன் அப்படியே செய்து வந்தேன்.

2024 மார்ச் 16-ல் நாடாளுமன்றத் தேர்தல் அறிவிப்பு வந்தது. தமிழ்நாட்டுக்கு ஏப்ரல் 19 வாக்குப்பதிவு. தேர்தல் நேரத்தில் எங்கள் தொழில் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. நோட்டீஸ் ஒவ்வொன்றிலும் அச்சிட்டவர், வெளியிடுபவர் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும் என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 127ஏ பிரிவு சொல்வதால் அதையும் பார்த்துப் பார்த்துச் சேர்க்க வேண்டும். அதோடு சித்திரை முகூர்த்தப் பத்திரிகைகளும் சேர்ந்துகொண்டன. இரண்டு சனிக்கிழமை அப்டேட் செய்யவே நேரமில்லை. அந்த இரண்டு வாரத்தில்தான் சிட்டுக்குள் பெரிய புயல் வீசிக்கொண்டிருந்தது. எனக்கு எப்படித் தெரியும்?

இரண்டாவது வாரத்தில் ஒரு புதன்கிழமை, சாயங்காலம் ஆறரை மணி. எட்டயபுரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து பெண்ணின் அப்பா ஒருவர் வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பத்திரிகை முடிந்துவிட்டது. “நிகழும் மங்களகரமான குரோதி வருடம் சித்திரை மாதம்” என்று தொடங்கி மண்டபம் வரை அவரே இரண்டு முறை வாசித்துப் புரூஃப் பார்த்து, சித்தப்பா பெயரில் ஒரு இன்ஷியல் மட்டும் திருத்தச் சொன்னார். திருத்திவிட்டு டிரேசிங் பேப்பரில் லேசர் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தால் பிரஸ்ஸில் பிளேட் போட்டு, சிவகாசியிலிருந்து வந்திருக்கும் வெற்று அட்டைகளில் அடித்துவிடுவார்கள். அந்த நேரம் பார்த்து அவருடைய பென் டிரைவ் திறக்கவில்லை. அப்டேட் செய்தால் சரியாகும் என்று நினைத்தேன். அட்டையில் இருந்த இரண்டு வரியை அடித்தேன்.

என்றைக்கும் பத்துப் பதினைந்து வரி ஓடும். அன்றைக்குத் திரை நிற்காமல் ஓடியது. கடைசியில் வழக்கம்போல அதே கேள்வி, தொடரலாமா என்று. அடைப்புக்குறிக்குள் ‘ஒய்’ (Y) பெரிய எழுத்திலும், வேண்டாம் என்பதற்கான ‘என்’ (n) சின்ன எழுத்திலும் இருக்கும். பெரிய எழுத்தில் இருப்பதுதான் இயல்பான விடை. வெறும் என்டர் தட்டினாலும் ஒய் என்றே எடுத்துக்கொள்ளும். நான் என்டர் தட்டினேன்.

நான் எதைப் பார்க்கவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்து ஆப்ட்டில், எவையெல்லாம் நீக்கப்படும் என்ற பட்டியல் மேலே வரும். அதற்குக் கீழே புதிதாக வருபவை, மேம்படுபவை எல்லாம் வரிசையாக வந்து, அந்த மேல் பட்டியலைத் திரைக்கு வெளியே தள்ளிவிடும். கண்ணுக்கு முன்னால் மிஞ்சுவது கடைசியில் இருக்கும் எண்ணிக்கை வரி மட்டும்தான். இத்தனை மேம்படும், இத்தனை புதிது, இத்தனை நீக்கப்படும் என்று ஒரே வரி. அதில் நீக்கப்படுபவை 143 என்று இருந்தது. வழக்கமாக அந்த இடத்தில் பூஜ்யம் இருக்கும், இல்லாவிட்டால் ஒன்று இரண்டு. 143 என் கண்ணில் பட்டது; மனசில் படவில்லை.

முடிந்ததும், பத்திரிகை வடிவமைக்கும் மென்பொருளான இங்க்ஸ்கேப்பைத் திறக்கப் போனேன். மெனுவில் அது இல்லை. லிப்ரே ஆபிஸ் இல்லை. பிரிண்டர்களைக் காட்டும் கப்ஸ் இல்லை. தமிழ் 99 விசைப்பலகையை மாற்றித் தரும் ஐபஸ்ஸும் இல்லை. பெண்ணின் அப்பா எழுந்து வந்து என் தோளுக்குப் பின்னால் நின்று, “என்னம்மா, கரன்ட் ஏற்ற இறக்கமா?” என்று கேட்டார். கடைசி பஸ் எட்டே காலுக்கு. காலையில் முதல் பஸ்ஸில் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

அண்ணன் மகனுக்குப் போன் செய்தேன்.

“ஒய் கொடுக்கறதுக்கு முன்னாடி மேல என்ன போட்டிருந்துச்சுன்னு படிச்சீங்களா அத்தை?”

“நீ ஒய் கொடுக்கத்தானேப்பா சொன்ன?”

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், “தப்பு என்னோடதுதான் அத்தை” என்றான்.

போனவற்றைத் திரும்பப் போட முதலில் முயன்றோம். இந்த இடத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தங்கள் பத்திரிகைக்கு எழுதிய கடைக்காரரும் இங்கேதான் மனம் வெறுத்திருப்பார். லினக்ஸில் ஒரு மென்பொருள் தனியாக நிற்காது. இங்க்ஸ்கேப்புக்கு எழுத்துரு வரைய ஒரு நூலகம், அதாவது பல மென்பொருள்கள் பொதுவாகப் பயன்படுத்தும் துணை நிரல் வேண்டும், படம் திறக்க ஒன்று வேண்டும், அச்சடிக்கக் கப்ஸின் நூலகம் வேண்டும். அந்த நூலகம் ஒவ்வொன்றுக்கும் வேறு சில வேண்டும். இதைத்தான் டிபெண்டன்சி, சார்பு என்கிறார்கள். சங்கிலி முழுதும் ஒரே காலத்தில் ஒன்றுக்கொன்று பொருந்தினால்தான் ஆப்ட் நிறுவும். நான் கப்ஸை நிறுவு என்று கொடுத்தால், “இதற்கு இன்ன நூலகம் தேவை, ஆனால் அது நிறுவப்படப் போவதில்லை” என்று ஒரு வரி வந்தது. ஏன் நிறுவப்படப் போவதில்லை என்று சொல்லவில்லை. சரி, அந்த நூலகத்தையே நிறுவு என்று கொடுத்தால் அது இன்னொன்றைக் கை காட்டியது. அதைக் கொடுத்தால், இன்னும் மீதமிருக்கும் அறுபது பேக்கேஜை (மென்பொருள் பொதியை) நீக்கட்டுமா என்று கேட்டது. கடைசியில், “நீங்கள் உடைந்த பேக்கேஜ்களைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள்” என்ற பொருளில் ஒரு வாக்கியம். நான் எதையும் பிடித்து வைக்கவில்லை. உண்மையாகவே ஏதோ தப்பு செய்துவிட்டேன் போல என்று கண் கலங்கிவிட்டது. அந்த வாக்கியம் எந்த வழியிலும் கணக்கு நேராகவில்லை என்றால் பொதுவாக வருவதாம். பயன்படுத்துகிறவர் எதையாவது பிடித்து வைத்தாரா இல்லையா என்பதற்கும் அதற்கும் பெரும்பாலும் சம்பந்தம் இருக்காது. அன்றைக்கு அது எனக்குத் தெரியாது.

ஆப்ட் எதை எப்போது நீக்கியது என்று ஹிஸ்டரி என்ற பெயரில் ஒரு பதிவுக் கோப்பு இருக்கிறது. வார் என்ற அடைவுக்குள் லாக், அதற்குள் ஆப்ட். அதைத் திறந்து, நீக்கப்பட்ட 143 பெயரையும் வீணாய்ப் போன புரூஃப் தாள்களின் பின்பக்கத்தில் எழுதினேன். எழுத எழுதத்தான் ஒன்று கவனித்தேன். திரும்பத் திரும்ப ஒரே மாதிரி ஒரு வால் வந்தது. போனது லிப்கப்ஸ்2, வந்தது லிப்கப்ஸ்2டி64. போனது ஒரு பெயர், வந்தது அதே பெயருடன் டி64. போனில் அதைப் படித்துக் காட்டியதும் அவனுக்கு விஷயம் முழுதும் விளங்கிவிட்டது.

அந்த டி64 என்ன என்பதை அவன் பிறகு பொறுமையாகச் சொன்னான், அதை இங்கே எழுதுகிறேன். கணினி நேரத்தை 1970 ஜனவரி 1 முதல் விநாடி விநாடியாக எண்ணுகிறது. அந்த எண்ணிக்கைக்கு 32 பிட் இடம் மட்டும் ஒதுக்கிய பழைய அமைப்புகளில் 2038 ஜனவரி 19 அன்று, நம் நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 விநாடிக்கு இடம் நிரம்பிவிடும். அடுத்த விநாடி கணினி 1901-ஆம் வருடம் என்று காட்டும். சின்னச் சின்னக் கருவிகளில் இருக்கும் 32 பிட் ஆர்ம் சில்லுகளுக்காக இதை முன்கூட்டியே சரிசெய்ய டெபியன்காரர்கள் முடிவு செய்தார்கள். இடத்தை 64 பிட்டாக்கினால் நூலகத்தின் உள்ளமைப்பே மாறும். பழைய அமைப்பை நம்பிக் கட்டிய மென்பொருள் தெரியாமல் புதியதோடு சேர்ந்துவிடக் கூடாது என்பதற்காக, நூற்றுக்கணக்கான நூலகங்களுக்கு டி64 என்ற வால் வைத்துப் பெயரை மாற்றினார்கள். 2024 பிப்ரவரிக் கடைசியில் தொடங்கி அவை சிட்டுக்குள் இறங்கின. என்னுடையது 64 பிட் கணினி, அதற்கு இந்த நோயே கிடையாது. ஆனாலும் பெயர் எல்லாக் கணினிக்கும் பொதுவாக மாறியது.

ஒரு தெருவுக்குப் பெயர் மாற்றுவது போல என்று வைத்துக்கொள்ளலாம். என்னுடையதைப் போன்ற 64 பிட் கணினியில் தபால்காரர் பழைய பெயருக்கும் கடிதம் கொடுக்கத் தயாராகத்தான் இருந்தார். ஆனால் சில மென்பொருள்கள் தெருப் பெயரோடு கதவு எண்ணும் அப்படியே இருக்க வேண்டும் என்று அடம் பிடிப்பவை, அதாவது இந்த நூலகத்தின் இந்தப் பதிப்புதான் வேண்டும் என்று கேட்பவை. எல்லோரும் புது முகவரியை எழுதிக்கொள்ளும் வரை, மென்பொருள் ஒவ்வொன்றையும் மறுபடி கட்டி முடிக்கும் வரை, பாதி ஊர் பழைய பெயரிலும் பாதி ஊர் புதுப் பெயரிலும் இருக்கும். நான் என்டர் தட்டியது சரியாக அந்த நடுக்காலத்தில். ஆப்ட் தன் கணக்கை நேராக்க, பொருந்தாதவற்றை எல்லாம் நீக்கிவிட்டது. நீக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் நீக்கியது.

அந்த வேலையைச் செய்தவர்கள் மேல் எனக்கு வருத்தமே இல்லை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். அதை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவரான ஸ்டீவ் லங்காசெக் 2025 ஜனவரி 1-ல் காலமானார். 2038-ல் யார் வீட்டிலோ சுவரில் இருக்கும் ஒரு சின்னக் கருவி சரியான தேதி காட்டுவதற்காகப் பதினான்கு வருடத்துக்கு முன்பே உட்கார்ந்து உழைத்த மனிதர்கள். அவர்கள் அதைச் செய்த இடமும் சரியான இடம்தான். அன்ஸ்டேபிள் இருப்பதே அதற்காகத்தான். என் கடைக் கணினி அங்கே இருந்திருக்கக் கூடாது.

ராத்திரி பத்து மணிக்கு முடிவெடுத்தோம். சிட்டைச் சரிக்கட்ட வேண்டாம், ஸ்டேபிளுக்கு வந்துவிடலாம் என்று. மகளுக்குப் பிளஸ் டூவில் அரசு கொடுத்த மடிக்கணினி வீட்டில் இருந்தது. அதை எடுத்து வந்து, போன் ஹாட்ஸ்பாட்டில் டெபியன் 12-ஐ இறக்கி, பென் டிரைவில் எழுதினேன். டெபியன் நிறுவும்போது தமிழையும் தேர்ந்துகொள்ளலாம். ஆனால் என் அண்ணன் மகனுக்கு ஆங்கிலத் திரைதான் மனப்பாடம், அவன் போனில் வழிகாட்ட வேண்டும் என்பதால் ஆங்கிலத்திலேயே போனோம். அவன் செய்திருந்த ஒரு நல்ல காரியம், கோப்புகள் இருக்கும் ஹோம் பகுதியைத் தனிப் பார்ட்டிஷனாக வைத்திருந்தான். அந்தத் திரை வந்ததும் ஒவ்வொரு வரியையும் என்னைச் சத்தமாக வாசிக்கச் சொன்னான். ஃபார்மேட் செய்யவா என்ற இடத்தில் “வேண்டாம், இருக்கும் தரவை வைத்துக்கொள்” என்று இருக்கிறதா என்று மூன்று முறை கேட்டான். மூன்று முறையும் வாசித்தேன். கை நடுங்கியது.

இரண்டரை மணிக்கு முடிந்தது. பத்திரிகைக் கோப்பு அப்படியே இருந்தது. இன்ஷியலைத் திருத்தி, டிரேசிங் பேப்பரில் அடித்து, ஃபேனுக்கு அடியில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். காலையில் அவர் ஆறே முக்காலுக்கு வந்துவிட்டார்.

இதில் என் மனதை அறுத்த விஷயம் ஒன்று உண்டு. டெபியன் 12 என் கிராஃபிக்ஸ் சிப்பை எந்தத் தொந்தரவும் இல்லாமல் அறிந்துகொண்டது. அதிலிருந்த 6.1 கர்னலே, அதாவது வன்பொருளை இயக்கும் மையப் பகுதியே போதுமானதாக இருந்தது. டெபியன் 12 வெளியாகி ஒன்பது மாதம் ஆகியிருந்தது. எந்தக் காரணத்துக்காகச் சிட் வந்ததோ அந்தக் காரணம் போய் ஒன்பது மாதம் கழித்தும் சிட் மட்டும் என் கடையில் தங்கிவிட்டது. அதைவிட, 2022-லேயே எல்லாவற்றையும் சிட்டுக்கு ஏற்றியிருக்க வேண்டியதில்லை. பேக்போர்ட்ஸ் என்று ஒன்று இருக்கிறது. ஸ்டேபிளிலேயே இருந்துகொண்டு, புதுக் கர்னல் போன்ற தேவையான ஒன்றிரண்டை மட்டும் அதற்கென்றே கட்டி வைத்த இடத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம். புதுக் கணினியில் திரை வரவில்லை, வைஃபை வரவில்லை என்பவர்களில் பலருக்கு அதுவே போதும். போட்டுக் கொடுக்கும் தம்பிகள் தயவுசெய்து முதலில் அங்கே தேட வேண்டும். ஸ்டேபிளில் இருந்துகொண்டு நடுவில் ஒரு மென்பொருளை மட்டும் சிட்டிலிருந்து பிடுங்கி ஒட்டுவதும் கூடாது. அந்த ஒட்டு, சார்புச் சங்கிலி முழுதையும் தன் பக்கம் இழுத்துவிடும்.

அந்த மாதமே இன்னொன்று நடந்தது. மார்ச் 29, புனித வெள்ளியன்று அது வெளியே தெரிந்தது. ஆண்ட்ரஸ் ஃபிராயிண்ட் என்ற பொறியாளர் தன் டெபியன் சிட் கணினியில், தொலைவிலிருந்து உள்ளே நுழையும் வழியான எஸ்எஸ்எச் மூலம் நுழைய வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாக ஆவதைக் கவனித்திருந்தார். அரை விநாடிதானே என்று விடவில்லை. தோண்டிப் பார்த்தால், எக்ஸ்இசட் என்ற சுருக்கும் மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ திட்டமிட்டு ஒரு திருட்டு வாசல் வைத்திருந்தார்கள். ஸ்டேபிளுக்கு அது வந்து சேரவில்லை. சிட்டில் அவசரமாகப் பழையதற்கே திரும்பி, பதிப்பு எண்ணிலேயே “உண்மையில் 5.4.5” என்று பொருள்படும்படி ஆங்கிலத்தில் எழுதி வைத்தார்கள். மறுநாள் அண்ணன் மகன் போனில் இதைச் சொன்னபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. சிட்டில் இருக்க வேண்டியவர்கள் இப்படிப்பட்டவர்கள்தான். அரை விநாடி தவறினாலும் ஏன் என்று கேட்கிறவர்கள். அவர்கள் முன்னால் நடப்பதால்தான் நாங்கள் ஸ்டேபிளில் நிம்மதியாகக் கடை நடத்துகிறோம். அவர்களுக்கு என் நன்றியை இந்தக் கடிதம் மூலமாகவே சொல்லிக்கொள்கிறேன்.

என் அண்ணன் மகன் இன்னும் சிட்தான் வைத்திருக்கிறான். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அவனுக்குத் தெரியும். வெறும் அப்கிரேட்தான் கொடுப்பான். அது இருப்பதை நீக்காது, பொருந்தாததை அப்படியே நிறுத்தி வைக்கும். ஃபுல்-அப்கிரேட் தேவைப்பட்டால் முதலில் ஒத்திகை பார்ப்பான். ஆப்ட் கட்டளையோடு எஸ் என்ற எழுத்தைச் சேர்த்தால் எதையும் தொடாமல் என்ன நடக்கும் என்று மட்டும் காட்டும். நிறுவும் முன் பெரிய பழுது பதிவாகியிருக்கிறதா என்று எச்சரிக்கும் ஆப்ட்-லிஸ்ட்பக்ஸ் என்ற கருவியும் வைத்திருக்கிறான். பட்டியலில் நாலு பெயர் நீங்கினாலே ‘என்’ (N), அதாவது வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஒரு வாரம் விட்டுத் திரும்பி வருவான். பெரும்பாலும் அந்த ஒரு வாரத்தில் தானாகவே சரியாகிவிடுமாம்.

நல்ல மாற்றம் ஒன்றும் வந்திருக்கிறது. 2024 ஏப்ரலில் வந்த ஆப்ட் 2.9-லிருந்து நீக்கப்படுபவற்றின் பட்டியல் கடைசியில், கேள்விக்குப் பக்கத்திலேயே, சிவப்பு நிறத்தில் வருகிறது. டெபியன் 13-ல் இருப்பது ஆப்ட் 3.0, ஆகையால் ஸ்டேபிளில் இருப்பவர்களுக்கும் இப்போது அது கிடைக்கிறது. எனக்கு ஒரே ஒரு மாதம் முன்னால் வந்திருக்கக் கூடாதா என்று நினைத்துக்கொள்வேன். நிறம் வந்துவிட்டது, ஆனால் வாசகம் ஆங்கிலம்தானே. தங்கள் நாளிதழில் வாராவாரம் வரும் தொழில்நுட்பப் பக்கத்தில் ஒரு கால் பத்தி ஒதுக்கி, ஆப்ட் சொல்லும் நாலைந்து வாக்கியங்களைத் தமிழில் விளக்கிப் போட்டால் என்னைப் போன்ற எத்தனையோ பேருக்கு உதவியாக இருக்கும். ரிமூவ் என்று வந்தால் இருப்பது போகப் போகிறது. கெப்ட் பேக் என்று வந்தால் சிலதை இப்போதைக்கு மேம்படுத்தாமல் நிறுத்தி வைத்திருக்கிறது, பயப்பட வேண்டாம். ஆட்டோரிமூவ் செய்யலாம் என்று அது சொன்னால், உடைந்து கிடக்கும் நேரத்தில் அதைச் செய்யவே கூடாது, மிச்சமிருப்பதும் போய்விடும். இவ்வளவுதான் விஷயம், ஆனால் யாரும் சொன்னதில்லை.

தங்களுக்கு எழுதிய அந்தக் கடைக்காரருக்கு ஒன்று. அய்யா, உங்கள் கோப்புகள் போயிருக்காது. ஆப்ட் மென்பொருளைத்தான் நீக்கும், நீங்கள் சேமித்ததைத் தொடாது. ஹோம் அடைவை முதலில் ஒரு வெளி டிஸ்கில் எடுத்துக்கொண்டு, டெபியன் 13 ஸ்டேபிள் போடச் சொல்லுங்கள். அதற்கு மூன்று வருடம் முழு ஆதரவும் மேலும் இரண்டு வருடம் நீட்டித்த ஆதரவும் உண்டு. ரொம்பப் பழைய 32 பிட் கணினி என்றால் மட்டும் 13-ஐ அதில் நிறுவ முடியாது, அதை முன்னாலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

போட்டுக் கொடுக்கும் தம்பி தங்கைகளிடம் நான் கேட்பது ஒரு சீட்டு. என் கணினிப் பெட்டியின் பக்கவாட்டில் இப்போது வெள்ளைத் தாள் ஒன்று ஒட்டியிருக்கிறது. எந்த லினக்ஸ், எந்தக் கிளை, போட்ட தேதி, ஆதரவு முடியும் வருடம், ஏதாவது ஆனால் கூப்பிட வேண்டிய எண். அடியில் அவன் கையெழுத்திலேயே, “நீக்கும் பட்டியலைப் படிக்காமல் ஒய் கொடுக்க வேண்டாம் அத்தை” என்று எழுதியிருக்கிறான். பழைய அட்டையை அவனே கிழித்துப் போட்டுவிட்டான்.

என் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். எங்கள் பக்கத்தில் என்னைத் தெரிந்தவர்களுக்கு அவனையும் தெரியும்.

இப்படிக்கு,
டி.டி.பி. கடை நடத்தும் வாசகி,
கோவில்பட்டி.